குமரி மாவட்டத்தில் பைபோலாரோடு வாழ: முதலில் ராத்திரியைக் காப்பாற்றுங்கள்

பைபோலார் என்று எழுதிய சீட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவர்களுக்கும், அவரை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது என்று முழிக்கிற வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். நானும் அந்தச் சீட்டோடு வந்தவன்தான். கல்குளம் பக்கம் வீடு, லித்தியம் என்கிற மாத்திரை சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், பல நாட்களில் இந்த நோயின் நினைப்பே வருவதில்லை. டாக்டர் சொல்ல வேண்டியதை டாக்டர் சொல்வார். அவர் அறையில் கிடைக்கும் ஐந்து நிமிஷத்தில் அடங்காத, நம்ம ஊரில் அன்றாடம் வந்து இடிக்கிற விஷயங்கள்தான் இங்கே.

நோயைப் பற்றி ரொம்பச் சுருக்கமாக. ஒரு காலத்தில் மனம் கட்டுக்கடங்காமல் ஏறும், அது மேனியா. இன்னொரு காலத்தில் பல் தேய்க்க எழுந்திருப்பதே பெரும்பாடாகும்படி இறங்கும், அது டிப்ரஷன். ஏற்றம் ஒரு வாரத்துக்குக் குறையாமல், பிழைப்பையே கவிழ்க்கிற அளவுக்கு வந்தால் முதல் வகை. நாலு நாளாவது நீடிக்கும் மிதமான ஏற்றமும் கூடவே பெரிய இறக்கமும் என்றால் இரண்டாம் வகை. பெரும்பாலானவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கத்தில் கழியும் நாட்கள்தான் அதிகம், ஆனால் ஊர் பேசுவது ஏற்றத்தைப் பற்றி மட்டுமே. இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில், ஒன்றுமே இல்லாத நல்ல காலம் வரும். "இப்போ சரியாயிட்டுதே, இனி எதுக்கு மாத்திரை?" என்று வீட்டில் பேச்சு எழுவதும் அப்போதுதான். என் கட்சி இதற்கு நேர் எதிர். இந்த நோயைக் கவனிக்கிற காலமே அந்த நல்ல காலம்தான். ஏறிய பிறகு நாம் யார் சொல்லையும் கேட்கமாட்டோம், இறங்கிய பிறகு எதையும் செய்ய உடம்பில் சீவன் இருக்காது.

சரி, அந்த நல்ல காலத்தில் முதலில் என்ன செய்வது? ராத்திரியைப் பத்திரப்படுத்துங்கள். பைபோலார் உள்ள பலருக்கு ஒன்றிரண்டு ராத்திரி தூக்கம் கெட்டாலே ஏற்றத்துக்கு வழி திறந்துவிடும். நம்ம மாவட்டமோ ராத்திரி முழிப்பதைப் பெருமையாக நினைக்கிற மாவட்டம். ஊர் அம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு விடிய விடிய, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, டிசம்பர் 3-இல் முடியும் கோட்டாறு சவேரியார் திருவிழா, அது முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ், 31-ஆம் தேதி ராத்திரி ஆராதனை, நடுவே யார் வீட்டிலாவது கல்யாணம், அதற்கு முந்தின ராத்திரி தேங்காய் துருவலும் காய்கறி வெட்டும் கதையும் சிரிப்பும். இதையெல்லாம் விட்டுவிட்டு வீட்டுக்குள் அடைந்து கிடக்கச் சொல்லவில்லை. கொடைக்குப் போங்கள், சாமி கும்பிடுங்கள், பத்து மணிக்கு வந்து படுங்கள். கேரலுக்கு முதல் நாலு வீடு, அதோடு சரி. "என்னடே, அதுக்குள்ள கிளம்பிட்ட?" என்று கேட்பவர்களுக்கு "காலையில வேலை இருக்கு அண்ணா" போதும், நோய் வரலாறு சொல்ல வேண்டியதில்லை.

சிவாலய ஓட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிவராத்திரியை ஒட்டி முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலத்தில் முடியும் பன்னிரண்டு கோயில், ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், கோவிந்தா கோபாலா என்று பகலும் இரவுமாக ஓட்டம். விரதம், வியர்வை, தூக்கமின்மை மூன்றும் ஒரே நாளில் சேர்கிறது. லித்தியம் சாப்பிடுகிறவருக்கு இதைவிடக் கெட்ட கூட்டணி கிடையாது. நேர்ச்சை இருந்தால் தம்பியோ மகனோ ஓடட்டும், நீங்கள் வேறொரு நாள் பகலில் வண்டியில் போய் நிதானமாகக் கும்பிட்டு வாருங்கள். சிவன் கணக்குப் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

தொழிலும் ராத்திரியோடு பின்னிக் கிடக்கிறது. ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே எழுந்து தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகவேண்டும். பலர் நினைப்பதற்கு மாறாக இது அவ்வளவு கெடுதல் இல்லை, எட்டரைக்குப் படுத்து மூன்றரைக்கு எழுவது தினமும் ஒரே மாதிரி நடந்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும். இன்றைக்கு மூன்றரை, நாளைக்கு எட்டு, ஞாயிற்றுக்கிழமை பத்து என்று மாறி மாறி எழுவதுதான் கெடுக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து வேலை நின்றுபோகிற காலம். தை மாசியில் மரம் இலை உதிர்க்கும்போது வெட்டு நிற்கும், ஆனி ஆடி மழையில் பல நாள் நிற்கும். கடற்கரையிலும் அப்படியே. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல் தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 61 நாள் எழுந்திருக்க ஒரு காரணமும் இல்லாமல் போனால் தூக்கம் தாறுமாறாகும், மனம் இறங்கும், சாயங்காலம் கால் தானாகவே டாஸ்மாக் பக்கம் திரும்பும். அந்த மாதங்களுக்கு முன்கூட்டியே ஏதாவது ஒரு காலை வேலையைப் பிடித்து வையுங்கள், சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. வலை பழுது பார்ப்பது, வாழைக்குத் தண்ணீர் விடுவது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, எதுவானாலும் நேரம் தவறாமல் நடக்கவேண்டும். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகளில் வாரக்கணக்கில் கடலில் இருப்பவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். எந்த மருந்து பொருந்தும், கையில் எத்தனை நாள் மாத்திரை கூடுதலாக வேண்டும் என்பதெல்லாம் அதை வைத்து மாறும்.

குடியைப் பற்றி நீட்டி முழக்கமாட்டேன். குடி தூக்கத்தைக் கெடுக்கும், மருந்தோடு மோதும், இறக்கத்தை ஆழமாக்கும். கஞ்சாவும் அப்படியே. சாயங்காலம் நாலு மணிக்குமேல் கட்டன் சாயாவையும் விட்டுவிடுங்கள்.

அடையாளங்களைக் கவனிப்பது

மாதக் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்துக்குள் இரண்டு எண் எழுதுங்கள். ஒன்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பது, இன்னொன்று மனநிலை, கழித்தல் மூன்றிலிருந்து கூட்டல் மூன்று வரை. கைபேசியில் இதற்கு ஆப்கள் உண்டு, ஆனால் சமையல்கட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் வீட்டார் கண்ணிலும் படும், அது பெரிய லாபம்.

எதைப் பார்த்து உஷாராவது? தூக்கம் வராமல் புரண்டு, காலையில் அசதியோடு எழுவது எல்லோருக்கும் வரும். மூன்று மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு, சோர்வே இல்லாமல் எழுந்து முற்றம் பெருக்கி, வண்டியைக் கழுவி, விடியுமுன் நாலு பேருக்கு வாட்ஸாப்பில் நீள நீளமாக வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறீர்கள் என்றால் விஷயமே வேறு. இரண்டு நாள் தொடர்ந்து அப்படி நடந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். மற்ற அடையாளங்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் பழைய நண்பர்களையெல்லாம் தேடிப் போன் செய்வார், இன்னொருவர் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவார், ஒருவருக்குத் திடீரென்று கடவுள் தன்னிடம் மட்டும் பேசுவதுபோல இருக்கும். உங்களுடைய மூன்று அடையாளங்கள் எவை என்று நல்ல காலத்தில் வீட்டாரோடு உட்கார்ந்து எழுதி வையுங்கள். அவர்கள் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது, இருந்தாலும் எழுதுங்கள். ஏற்றத்தின் ஆரம்பம் உள்ளேயிருந்து பார்த்தால் சுகமாக இருக்கும், "இப்போதுதான் நான் நானாக இருக்கிறேன்" என்று தோன்றும். அதனால்தான் வெளியிலிருந்து பார்க்கும் கண் தேவை.

மருந்து

லித்தியம் பழைய மருந்து. ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் 1949-இல் மேனியாவுக்கு அது உதவுவதை எழுதினார், இன்றைக்கும் முன்வரிசையில் இருக்கிறது, தற்கொலை ஆபத்தைக் குறைப்பதிலும் அதற்கு நல்ல பெயர் உண்டு. சிக்கல் என்னவென்றால், வேலை செய்கிற அளவுக்கும் விஷமாகிற அளவுக்கும் இடைவெளி குறைவு. வழக்கமாக ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கவேண்டும், ஆகவே பரிசோதனை அன்று காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகே போடுங்கள். மருந்து தொடங்கிய புதிதிலும் அளவு மாற்றும்போதும் அடிக்கடி, அப்புறம் டாக்டர் சொல்கிற இடைவெளியில் பார்த்தால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கால்சியம். லித்தியத்தால் தைராய்டு குறைந்தால் அதுவே டிப்ரஷன்போல அசத்திப் போடும், மனசு இறங்கிவிட்டதென்று நினைத்துக்கொண்டு இருப்போம்.

நம்ம ஊரில் ரத்தத்தில் லித்தியம் அளவுக்கு மீறி ஏறுவதற்கு மூன்று வழிகள். முதலாவது, வெயிலில் வியர்த்தோ, வாந்தி பேதி வந்தோ, தண்ணீர் குடிக்காமல் விரதம் இருந்தோ உடம்பு வறண்டுபோவது. இரண்டாவது உப்பு: பிரஷர் இருக்கிறது என்று யாரோ சொன்னதும் கருவாட்டையும் ஊறுகாயையும் ஒரே நாளில் நிறுத்திவிடுவோம், உப்பு சட்டென்று குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்றாவதுதான் அதிகம் நடப்பது, வலி மாத்திரை. மூட்டு வலி, முதுகு வலி என்று மெடிக்கலில் போய்க் கேட்டால் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ கலந்த ஒன்றைத்தான் எடுத்துத் தருவார்கள், இரண்டும் லித்தியத்தை ஏற்றும். பாராசிட்டமால் கேளுங்கள். வர்ம வைத்தியரிடம் போனாலும், பல் டாக்டரிடம் போனாலும், பிரஷருக்குப் புது மாத்திரை எழுதினாலும் "நான் லித்தியம் சாப்பிடுகிறேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். கையில் லேசான நடுக்கம் சகஜம். நடுக்கம் அதிகமாகி சாயா கிளாஸ் தளும்பினால், நடை தள்ளாடினால், நாக்குக் குழறினால், கூடவே வாந்தி பேதி இருந்தால், அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்ற மருந்துகளைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை. லாமோட்ரிஜின் தொடங்கிய வாரங்களில் தோலில் தடிப்பு வந்தால் "சூட்டுக் கொப்புளம்" என்று விட்டுவிடாமல் அன்றே காட்டுங்கள், சில நாள் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி ஆரம்பிக்காதீர்கள். வால்ப்ரோயேட் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும், கர்ப்பம் தரிக்கக்கூடிய வயதில் உள்ள பெண்ணுக்கு அதை எழுதினால் மாற்று உண்டா என்று தைரியமாகக் கேளுங்கள். ஒலான்சபின், குவெடியாபின் பசியைக் கிளப்பும், ராத்திரி ஒன்பது மணிக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கூப்பிடும், எடையும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். இறக்கத்துக்கென்று டிப்ரஷன் மாத்திரையை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் சிலருக்கு அது மேனியாவில் கொண்டுபோய் விடும், அதனால் வேறு டாக்டரிடம் போகும்போது பைபோலார் என்பதை மறைக்காதீர்கள். எந்த மருந்தையும் சட்டென்று நிறுத்தவேண்டாம், லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்புகிற வாய்ப்பு நன்றாகவே கூடும். செலவுதான் தடை என்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் டாக்டர் வருவதுண்டு, உங்கள் பக்கத்தில் எந்த நாள் என்று விசாரித்துக் கொள்ளுங்கள்.

பணம்

ஏற்றத்தில் போகிற பணம், இறக்கத்தில் வந்து நெஞ்சில் உட்காரும். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடை செய்தாலும் நமக்குக் களியக்காவிளை தாண்டினால் கேரளா லாட்டரி. இடத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பது, ஊரில் யாருக்கோ ஜாமீன் நிற்பது, நகையை அடகு வைத்துத் தொழில் தொடங்குவது, ராத்திரி ரெண்டு மணிக்கு லோன் ஆப்பில் கடன் எடுப்பது, இவைதான் நம்ம பக்கத்து மேனியாவின் வழக்கமான செலவுகள். நல்ல காலத்திலேயே வங்கியில் சொல்லி யுபிஐ தினசரி வரம்பைச் சில ஆயிரங்களுக்குக் குறைத்துவிடுங்கள். நகையும் பத்திரமும் லாக்கரில் இருக்கட்டும், சாவி வேறொருவரிடம். ஐயாயிரத்துக்குமேல் எதை வாங்குவதானாலும் இரண்டு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு என்று ஒரு விதி வையுங்கள், நன்றாகத் தூங்கிய ராத்திரிகள் மட்டுமே கணக்கு.

வீடும் ஊரும்

நீங்கள் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால்கூட "மக்ளே, மாத்திரை போட்டியா?" என்று அம்மா கேட்பார். நியாயமான கோபம் வந்தாலும் அது நோய்க் கணக்கில் போய்விடும். இது மனசை அறுக்கிற விஷயம், வீட்டார் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் வேலை செய்த ஏற்பாடு: மாத்திரையைப் பற்றிக் கேட்கிற உரிமை ஒரே ஒருவருக்குத்தான். அவர் கேட்டால் முறைக்காமல் பதில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்கக்கூடாது. கோபத்தில் "உன்னை ஊளம்பாறைக்குக் கொண்டு போகணும்" என்று, திருவனந்தபுரத்து மனநல ஆஸ்பத்திரியைச் சொல்லித் திட்டுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 1956 வரை திருவனந்தபுரத்தோடு சேர்ந்து இருந்தோம், அங்கிருந்து இதையும் சுமந்துகொண்டு வந்திருக்க வேண்டாம்.

செய்வினை, பேய், சாபம் என்று யாராவது வருவார்கள். மந்திரவாதியாக இருக்கலாம், ஜெபக்காரராக இருக்கலாம். சாமி கும்பிடுவதும் ஜெபம் பண்ணுவதும் பலருக்குப் பெரிய பிடிமானம், அதை யாரும் பறிக்கவேண்டாம். இரண்டு நிபந்தனை மட்டும்: மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் வாசலோடு திரும்பட்டும், முழு இரவு ஜெபமும் தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசமும் நமக்கு இல்லை. விவரம் தெரிந்த போதகர்களும் பூசாரிகளும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரை உங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டால் ஊர் வாய் பாதி அடங்கும்.

கல்யாணப் பேச்சு வந்தால் மறைக்கச் சொல்வார்கள். "தாலி கட்டு முடியட்டும், அதுவரைக்கும் மாத்திரை யார் கண்ணிலயும் படவேண்டாம்" என்று நிறுத்தச் சொல்கிற குடும்பங்களும் உண்டு. யோசித்துப் பாருங்கள், மருந்து இல்லை, நாலைந்து ராத்திரி தூக்கம் இல்லை, புது வீடு, புது ஆட்கள், நோய் திரும்பி வர இதைவிடத் தோதான நேரம் எது? நிச்சயத்துக்கு முன்பே சம்பந்தப்பட்ட பெண்ணிடமோ பையனிடமோ நேரில் சொல்லிவிடுங்கள், தரகர் வழியாக வேண்டாம். வேண்டுமென்றால் டாக்டரிடம் ஒன்றாகப் போய் வாருங்கள். சிலர் விலகுவார்கள், விலகட்டும். மறைத்துக் கட்டினால் பின்னால் அதையே காரணம் காட்டி வழக்குப் போடவும் இடமிருக்கிறது. குழந்தை பெற நினைக்கும் பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே மருந்தைப் பற்றிப் பேசவேண்டும், ஏனென்றால் பிரசவம் முடிந்த முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தான காலம். பிரசவ மருந்தும் வெந்நீர்க் குளியலும் பார்த்துப் பார்த்துச் செய்கிற வீட்டில், ராத்திரி குழந்தையைப் பார்த்துக்கொண்டு தாயைத் தூங்க விடவும் ஒரு ஆள் இருக்கவேண்டும். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை கொண்டு போகாதீர்கள், பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிற குளோனாசெபாம் போன்றவற்றுக்கு அங்கே பல நாடுகளில் கடும் கட்டுப்பாடு உண்டு.

இறக்கம் வந்தால்

பெரிய லட்சியம் எதுவும் வேண்டாம். வழக்கமான நேரத்துக்கு எழுந்து வெளிச்சத்தில் உட்காருங்கள், குளியுங்கள், எதையாவது சாப்பிடுங்கள், மாத்திரை போடுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான் வேலை. பகலெல்லாம் படுத்துக் கிடந்தால் ராத்திரியும் போய்விடும், அதனால் படுக்கையை விட்டு நாற்காலிக்கு மாறுவதுகூடக் கணக்கில் சேரும். வேலையை விடுவது, உறவை முறிப்பது மாதிரி முடிவுகளைத் தள்ளிப்போடுங்கள். வீட்டார் "உனக்கு என்ன குறை?" என்று கேட்பதற்குப் பதிலாக ஒரு கட்டன் சாயா போட்டுக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தால் புண்ணியம். காலையிலேதான், நாலு மணிக்குப் பிறகு இல்லை.

சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் அதை ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். 14416, டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், ராத்திரி எந்நேரமும் தமிழில் பேசலாம். அவசரம் என்றால் 108. வீட்டார் மாத்திரைகளையும் தோட்டத்துப் பூச்சிமருந்துகளையும் பூட்டி வையுங்கள், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். "அப்படி ஏதாவது தோணுதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பயப்படாமல் கேளுங்கள்.

காகித வேலை

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சுயநினைவோடு முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் எப்படிச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம், உங்கள் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் செய்யலாம். நோய் முற்றிய நேரத்தில் எந்தச் சித்தப்பா முடிவெடுப்பது என்று வீட்டில் நடக்கும் சண்டைக்கு இது நல்ல மருந்து. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேரும். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவக் குழு சான்று கொடுத்தால் அடையாள அட்டை வாங்கலாம், வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். உடல்நோய்க்குக் கொடுக்கிற மாதிரியே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு கொடுக்கவேண்டும் என்று அந்த 2017 சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. பாலிசி எடுக்கும்போது நோயை மறைக்காமல் எழுதுங்கள். கிளெய்மைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும், அங்கே நடக்கவில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனுக்கும் அனுப்புங்கள்.